குதிரைத்திறன்: எங்கே, எப்படி அளந்த திறன்?

சாலையில் குதிரை வண்டி ஓடிய காலம் போய்விட்டது. குதிரையை முன்னிறுத்தி எஞ்சினை அளக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. கார் விளம்பரங்களிலும், பட்டறைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் சோதனைத் தாள்களிலும், நம் இளைஞர்களின் பேச்சிலும் குதிரைத்திறன் என்னும் சொல் நாள்தோறும் வழங்குகின்றது. சொல் பெருகிய அளவுக்கு அதன் பொருள் தெளிவடையவில்லை என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

என்னிடம் பயின்று இன்று ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரியும் பழைய மாணவர் சிலர் அண்மையில் ஓர் ஐயம் எழுப்பினர். வோல்க்ஸ்வேகன் நிறுவனத்தின் கோல்ஃப் ஜி.டி.ஐ. என்னும் சிறிய விரைவுக்காரின் ஐந்தாம் தலைமுறைக்கு 200 குதிரைத்திறன் என்றும், எட்டாம் தலைமுறைக்கு 245 என்றும் நிறுவனத்தார் அறிவித்திருக்கின்றனர். மாணவர் ஒருவரின் பழைய ஐந்தாம் தலைமுறைக் காரை ஒரு பட்டறையில் உருளைமேல் ஓட்டி அளந்தபோது 172 என்று தாள் வந்தது. வேறொரு பட்டறையில் அதே காருக்கு 208 வந்தது. அப்படியாயின் புதிய கார் உண்மையில் எவ்வளவு கூடுதல்? 73 குதிரையா, 45 குதிரையா, 37 குதிரையா?

பொய் சொன்னவர் எவரும் இல்லாமலேயே இம்மூன்று எண்களும் பிறக்கக்கூடும் என்பதுதான் இதில் வியப்பு. அது எப்படி என்று காண்போம். எஞ்சின் கணினியைத் திருத்தித் திறனைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் பட்டறைகளுக்கு நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொடுக்கின்றனர். அவர்கள் கையில் கிடைப்பது ஒரு தாளும் அதில் ஓர் எண்ணுமே. அவ்வெண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

விசை, ஆற்றல், திறன்

பேச்சு வழக்கில் இம்மூன்று சொற்களையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றி வழங்குகின்றோம். நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் நூல்களில் 'சக்தி' எனப்படுவதே தமிழகப் பாடநூல்களில் 'ஆற்றல்' என வழங்குகின்றது. சொல் எதுவாயினும் பொருளைப் பிரித்தறிய வேண்டும். தள்ளுவதும் இழுப்பதும் விசை. அவ்விசை ஒரு தொலைவு வரை செய்து முடித்த வேலையின் கணக்கு ஆற்றல். அவ்வேலை எவ்வளவு விரைவில் முடிந்தது என்பதே திறன்.

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை எளிதில் விளக்கலாம். 25 கிலோ எடையுள்ள செம்பனைக் குலைகள் மூன்றைச் சேர்த்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்க. ஒரு நொடியில் தூக்கினாலும் பத்து நொடியில் தூக்கினாலும் செய்த வேலை ஒன்றே. ஆயின் ஒரு நொடியில் தூக்கியவன் காட்டிய திறன் பத்து மடங்கு. 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் அத்திறனே ஒரு மெட்ரிக் குதிரைத்திறன். வாட் கணக்கில் 735.5. பள்ளி மாடிப்படியிலும் இதைச் செய்து பார்க்கலாம். 40 கிலோ எடையுள்ள மாணவன் 3 மீட்டர் உயரப் படிக்கட்டை 4 நொடியில் ஏறினால் அவன் காட்டிய திறன் ஏறத்தாழ 294 வாட், அதாவது 0.4 குதிரைத்திறன். ஆறாம் ஆண்டு மாணவன் அரைக் குதிரைக்குச் சற்றே குறைந்தவன் என்று சொன்னால் வகுப்பு முழுவதும் மாடிப்படிக்கு ஓடிவிடும்!

குதிரையை அளவாக்கியவர் நீராவி எஞ்சினைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தம் எஞ்சின் எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்று வாங்குவோருக்குச் சொல்ல அவருக்கு ஓர் அளவு வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் 33,000 அடி-ராத்தல் வேலை என்று அவர் வகுத்தார். ஆகவே குதிரைத்திறன் பிறந்ததே விற்பனைக் களத்தில்தான். வாட் வகுத்த ஆங்கிலக் குதிரை 745.7 வாட், ஐரோப்பாவின் மெட்ரிக் குதிரை 735.5 வாட். எட்டாம் தலைமுறைக் கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் 180 கிலோவாட், மெட்ரிக் கணக்கில் 245 குதிரை. ஆங்கிலக் கணக்கில் 242க்குள் அடங்கும். எஞ்சினில் ஒரு திருகும் மாறாமலேயே மூன்று குதிரை காணாமற் போகின்றன. எந்தக் குதிரை என்று கேளாமல் இரு தாள்களை ஒப்பிடுவது, கட்டியையும் கிலோவையும் ஒன்றெனக் கொள்வது போலாகும்.

நான்காவதாக ஒரு சொல்லும் வேண்டும். தண்டு ஒன்றைச் சுழற்றும் விசையைத் தமிழகப் பாடநூல்கள் திருப்புவிசை என்கின்றன. அந்நூல்களே 'விசையின் திருப்புத்திறன்' என்றும் ஒரு தொடரை ஆள்வதால், 'திறன்' என்ற சொல் அங்கே வேறு பொருளில் நுழைந்து மாணவரை மயக்குகின்றது. ஆகையால் ஈண்டு முறுக்குவிசை என்றே எழுதுகின்றேன். 280 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை என்றால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 28½ கிலோ எடையைத் தொங்கவிட்டால் தண்டின்மேல் எவ்வளவு முறுக்கு ஏறுமோ அவ்வளவு. இம்முறுக்குவிசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். இந்த ஒரு வாய்ப்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன யாவும் விளங்கும்.

அளக்கும் கருவி

பட்டறைகளில் 'டைனோ' எனச் சுருக்கி வழங்கும் டைனமோமீட்டர், பெயரளவில் விசைமானிதான். 1821இல் பிரெஞ்சுப் பொறியாளர் பிரோனி என்பார், சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அக்கட்டையோடு சேர்ந்த நெம்புகோலின் முனையில் எடை வைத்து, தண்டு எவ்வளவு முறுக்குகின்றது என்று அளந்தார். 1877இல் ஆங்கிலேயர் வில்லியம் ஃபுரூட், மரக்கட்டைக்கு மாற்றாக நீரைத் தடையாக்கினார். கப்பல் எஞ்சின்களின் பெருந்திறனைத் தாங்க மரத்தால் இயலவில்லை. எஞ்சின் திறனைத் 'தடைக் குதிரைத்திறன்' எனக் குறிக்கும் ஆங்கில வழக்கு இத்தடைகளிலிருந்து வந்ததே.

கார் நிறுவனத்தார் எஞ்சினைத் தனியே மேடையில் பொருத்தி, கிராங்குத் தண்டிலேயே அளக்கின்றனர். பட்டறைகளில் எஞ்சினைக் கழற்ற இயலாது. ஆதலால் காரை முழுதாக உருளைகளின்மேல் ஏற்றிக் கட்டிவிட்டுச் சக்கரத்தில் வந்து சேரும் திறனை அளக்கின்றனர். இங்கேயும் இரு வகை உண்டு. ஒரு வகையில் கனமான உருளை ஒன்று இருக்கும்; அதைக் கார் எவ்வளவு விரைவில் சுழலச் செய்கின்றது என்பதிலிருந்து திறனைக் கணக்கிடுவர். மற்றொரு வகையில் மின்காந்தத் தடையால் உருளையைப் பிடித்து நிறுத்தி, அத்தடை தாங்கும் விசையை அளப்பர். முதல் வகையில் கணக்கிடப்படுவது விரைவின் ஏற்றமேயாதலால், எடை குறைந்த சக்கரத்தை மாட்டினாலே எண் சிறிது உயரும். எஞ்சினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. காற்றுக் குறைந்த டயரும், காரைக் கட்டும் பட்டையின் இறுக்கமும் எண்ணைக் குறைக்கும். முன்சக்கரங்கள் சுழல, பின்சக்கரங்கள் அசையாது நிற்பதைக் கண்டு, கார் சறுக்குகின்றது எனக் கருதித் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும் புதிய கார்களும் உண்டு. அதை அறியாத பணியாளர் எடுத்த தாளால் பயன் ஏதுமில்லை.

172 எவ்வாறு 208 ஆயிற்று?

எஞ்சினில் பிறந்த திறன் முழுதும் சக்கரத்துக்கு வந்து சேராது. கியர்ப்பெட்டியின் பற்களிலும், எண்ணெயைக் கலக்குவதிலும், டயர் நசுங்குவதிலும் ஒரு பங்கு வெப்பமாகக் கழிகின்றது. இவ்விழப்பை 15 விழுக்காடு என்று கொள்ளுதல் பட்டறை வழக்கம். சக்கரத்தில் கண்ட எண்ணை 0.85ஆல் வகுத்து 'எஞ்சின் திறன்' என அச்சிடுவர். இந்த 15 எவரும் அளந்து கண்டதன்று. வழிவழியாகச் சொல்லிவரும் எண். பற்களின் உராய்வு திறனோடு சேர்ந்து வளரும். எண்ணெயைக் கலக்கும் இழப்போ திறனைச் சாராமல், வேகத்தையும் எண்ணெயின் சூட்டையும் சார்ந்து நிற்கும். ஆகவே திருத்தப்பட்ட எஞ்சினுக்கும் அதே 15ஐப் பொருத்தினால் இழப்பை மிகைப்படுத்தி, அதன் வழியே திறனையும் மிகைப்படுத்தியவர் ஆவோம்.

இனி நம் ஜொகூர்க் காற்றைப் பார்ப்போம். எஞ்சினுக்கு வேண்டுவது காற்றிலுள்ள உயிர்வளி. குளிர்ந்த உலர்ந்த காற்றில் அது மிகுதி. வெப்பமும் ஈரமும் கூடிய காற்றில் குறைவு. பிற்பகலில் 32 பாகை வெப்பமும், மழைக்கு முந்திய புழுக்கமும் இருக்கும்போது, நாம் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு நீராவிக்கே உரியது. இதைச் சரிக்கட்ட, எங்கே எந்நாளில் அளந்தாலும் ஒரு பொதுக் காற்றுக்கு மாற்றிச் சொல்லும் திருத்தக் கணக்கை வகுத்துள்ளனர். பன்னாட்டுத் தர அமைப்பின் கணக்கு 25 பாகை வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்கரின் இன்றைய கணக்கும் அதுவே. அவர்களுடைய பழைய கணக்கோ 15.6 பாகைக் குளிர்காற்றை அடிப்படையாக வைத்தது. அது இன்னும் பல கருவிகளில் ஒரு பொத்தானாக இருக்கின்றது.

நம் பிற்பகல் காற்றுக்குப் பன்னாட்டுக் கணக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு கூட்டும். பழைய அமெரிக்கக் கணக்கு 6 விழுக்காட்டுக்கும் மேல் கூட்டும். இப்போது மாணவரின் காருக்கு வருவோம். சக்கரத்தில் 172. பன்னாட்டுத் திருத்தம் சேர்ந்தால் 177. அதை 0.85ஆல் வகுத்தால் 208! இரண்டாம் பட்டறை செய்தது இதுவாகவே இருக்க வேண்டும். அதே ஓட்டத்துக்குப் பழைய அமெரிக்கப் பொத்தானை அழுத்தியிருந்தால் 215 வந்திருக்கும். ஒரே கார், ஒரே ஓட்டம், 172 முதல் 215 வரை எண்கள்.

டர்போ எஞ்சினுக்கு இத்திருத்தம் பொருந்துமா என்பது இன்னும் ஆழமான கேள்வி. சாதாரண எஞ்சின் வெளிக்காற்றை அது கிடைத்தபடியே உறிஞ்சுவது. டர்போ எஞ்சினோ கொல்லன் துருத்தி போன்றது. ஆனால் இத்துருத்தியை ஊதுவது எஞ்சினின் கழிவுப் புகையே. புகை ஒரு சிறு சுழலியைச் சுழற்ற, அதே அச்சிலுள்ள மற்றொரு சுழலி காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகின்றது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய எஞ்சினில் கணினி ஒன்று உள்ளழுத்தத்தைக் கண்காணித்து, வெளிக்காற்று மெலிந்திருந்தால் துருத்தியைச் சற்று விரைவாகச் சுழலச் செய்து ஈடுகட்டிவிடுகின்றது. எஞ்சினே ஈடுகட்டிய ஒன்றுக்கு, தாளிலும் 3 விழுக்காடு கூட்டுவது ஒரே கடனை இருமுறை வசூலிப்பது போலன்றோ!

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. அமுக்கிய காற்று சூடேறும். அதைத் தணிக்கக் காரின் முகப்பில் இடைக்குளிர்விப்பான் இருக்கின்றது. சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன்மேல் புயல்போல் காற்று மோதும். பட்டறையிலோ ஒரு மின்விசிறிதான். மூன்றாம் ஓட்டத்துக்குள் இடைக்குளிர்விப்பான் சூடேறிவிட, எரிபொருள் தட்டிவிடும் என அஞ்சிய கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும், திறன் சரியும். 95 ஆக்டேன் பெட்ரோலா 97ஆ என்பதும் இங்கே வேறுபாடு காட்டும். ஆக, மூன்று ஓட்டத்தில் எதை அச்சிட்டனர், விசிறி எப்படிப்பட்டது, தொட்டியில் இருந்த பெட்ரோல் எது என்பனவெல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

நான்கு தலைமுறைகள்

கோல்ஃப் ஜி.டி.ஐ. முதன்முதலில் 1976இல் 1.6 லிட்டர் எஞ்சினோடு 110 குதிரைத்திறனில் வெளிவந்தது. அப்போது டர்போ இல்லை. நான்காம் தலைமுறையில் 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் 150 குதிரையோடு வந்தது. நம் ஒப்பீட்டுக்கு உரியவை அதற்குப் பின்வந்த நான்கு தலைமுறைகள். நான்கிலும் எஞ்சின் கொள்ளளவு 1,984 கன சென்டிமீட்டரே. கொள்ளளவு மாறாமல் திறன் மாறியதால், இவை ஒப்பிடுவதற்கு வாய்த்த நல்ல இனம் எனலாம்.

ஐந்தாம் தலைமுறை (2004): 200 குதிரை, முறுக்குவிசை 280, 1,800 முதல் 5,000 சுற்று வரை. ஆறாம் தலைமுறை (2009): 210 குதிரை, அதே 280, 1,700 முதல் 5,200 வரை. ஏழாம் தலைமுறை (2013): 220 குதிரை, 350, 1,500 முதல் 4,400 வரை. பின்னர்த் திருத்திய ஏழாம் தலைமுறையில் 230 குதிரை. எட்டாம் தலைமுறை (2020): 245 குதிரை, 370, 1,600 முதல் 4,300 வரை. இவ்வெட்டாம் தலைமுறை 2022 முதல் பகாங் மாநிலத்துப் பெக்கானில் பொருத்தப்பட்டு நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அதனைத் திருத்தி 2024இல் ஐரோப்பாவில் வெளியிட்ட காருக்கு 265 குதிரை என்று அறிவித்தனர்.

மேற்சொன்ன வாய்ப்பாட்டால் இவற்றைச் சோதித்துப் பாருங்கள். ஐந்தாம் தலைமுறைக்கு 280ஐ 5,000ஆல் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் 146.6 கிலோவாட், அறிவித்தது 147. ஏழாம் தலைமுறைக்கு 350, 4,400, விடை 161.3, அறிவித்தது 162. கணக்கு ஒத்துவருகின்றது. முறுக்குவிசை தட்டையாக நிற்கும் எல்லை எங்கே முடிகின்றதோ, உச்சத்திறன் அங்கே தொடங்குகின்றது என்பதும் இதனால் விளங்கும். டர்போ எஞ்சினின் முறுக்கு வரைபடம் மலைபோல் இராமல் மேட்டுநிலம்போல் தட்டையாக இருப்பதற்குக் காரணம், கணினி அழுத்தத்தை வேண்டுமென்றே அங்கே கட்டிவைப்பதுதான். நம் நாட்டுப் புரோட்டோன் நிறுவனத்தார் 2012இல் பிரெவே காரில் வைத்த 1.6 லிட்டர் டர்போ எஞ்சினிலும் இதே தோற்றம். 205 நியூட்டன்-மீட்டர், 2,000 முதல் 4,000 சுற்று வரை.

உச்ச எண்ணை மட்டும் ஒப்பிட்டால், ஐந்தாம் தலைமுறைக்கும் ஏழாம் தலைமுறைக்கும் இடையே 10 விழுக்காடுதான் ஏற்றம். ஆனால் அன்றாடம் நாம் ஓட்டுவது உச்சத்திலன்று. ஆயர் ஈத்தாம் அருகே நெடுஞ்சாலையில் ஒரு லாரியைக் கடக்கும்போது எஞ்சின் 2,500 சுற்றில் இருக்கும் என்க. அங்கே ஐந்தாம் தலைமுறை தரக்கூடியது ஏறத்தாழ 100 குதிரை. ஏழாம் தலைமுறை 125. எட்டாம் தலைமுறை 132. உச்சத்தில் 10 விழுக்காடாகத் தெரிந்தது இங்கே 25 விழுக்காடு. ஏழாம் தலைமுறையில் செய்த பெருமாற்றம் இதுவே. புகை வெளியேறும் குழாயை எஞ்சின் தலைக்குள்ளேயே அமைத்து, அதைச் சுற்றி நீரோடச் செய்தனர். புகையின் கடுஞ்சூடு தணிந்ததால், மிகை எரிபொருளைத் தெளித்துக் குளிர்விக்கும் தேவை குறைந்தது. துருத்தியையும் முன்னதாக ஊதவைக்க முடிந்தது. விளம்பரத் தாளில் இருபது குதிரை என்று மட்டுமே எழுதப்பட்ட ஒரு நல்ல பொறியியல் வேலை! சோதனைத் தாளில் மேலே தடித்த எழுத்தில் அச்சிட்ட எண்ணைவிட, கீழே கிடக்கும் வளைகோட்டைப் படிப்பதே மேல் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒரே வகைக் கார் எல்லாம் ஒரே திறனா?

திறனை அளந்து ஒப்புதல் வழங்குவதற்கு ஐக்கிய நாட்டு அமைப்பின் 85ஆம் ஒழுங்குவிதி இருக்கின்றது. மாதிரி எஞ்சினைச் சோதிக்கும்போது அறிவித்த உச்சத்திறனிலிருந்து 2 விழுக்காடு வரை வேறுபடலாம். தொழிற்சாலையில் உற்பத்தியாகி வரும் எஞ்சின்களுக்கு 5 விழுக்காடு வரை இடம் உண்டு. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தால் சுவையாக இருக்கின்றது. 200 குதிரை என்ற ஐந்தாம் தலைமுறைக் கார் 190 முதல் 210 வரை எங்கும் நிற்கலாம். 210 என்ற ஆறாம் தலைமுறைக் கார் ஏறத்தாழ 200 முதல் 220 வரை நிற்கலாம். ஆகவே நன்றாக வாய்த்த பழைய கார் ஒன்று, மெலிந்து வாய்த்த புதிய கார் ஒன்றை விதியை மீறாமலேயே விஞ்சிவிடும். ஒரு பழைய காரையும் ஒரு புதிய காரையும் உருளைமேல் ஏற்றி, 'ஆறாம் தலைமுறையில் ஒன்றும் கூடவில்லை' என்று தீர்ப்பளிப்பவர், இரு வகுப்புகளிலிருந்து ஆளுக்கொரு மாணவனை அழைத்து வகுப்புகளின் தரத்தை முடிவு செய்பவரை ஒப்பர். ஐந்துக்கும் எட்டுக்கும் இடையே இத்தொல்லை இல்லை. 245க்கு 5 விழுக்காடு கழித்தாலும் 233. ஐந்தாம் தலைமுறையின் மேல்வரம்பாகிய 210 அதை எட்டாது. ஒப்பிடும் இடைவெளி அளவின் பிழையைவிடப் பெரிதாக இருந்தால்தான் ஒப்பீடு செல்லும்.

எண்கள் பிடிபட்ட கதைகள்

உருளைச் சோதனை வாங்குவோருக்கு நன்மை செய்த வரலாறும் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தார் 1999ஆம் ஆண்டு மஸ்டாங் கோப்ரா காருக்கு 320 குதிரை என்றனர். வாங்கியவர்கள் உருளையில் ஓட்டிப் பார்த்துக் குறைகண்டு முறையிட, நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்துக் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. 2001இல் மாஸ்டா நிறுவனம் தன் மியாட்டா காருக்கு 155 என்று விளம்பரம் செய்து, பின்னர் 142 எனத் திருத்திக்கொண்டது; விரும்பியவரிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. ஜப்பானில் இதற்கு மாறான கூத்து நடந்தது. 1989 முதல் 2004 வரை அந்நாட்டு நிறுவனங்கள் 280 குதிரைக்குமேல் அறிவிப்பதில்லை என்று தம்முள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. சில கார்கள் உருளையில் அதைத் தாண்டியபோதும் தாளில் 280தான். அமெரிக்க நிறுவனங்கள் விசிறி, காற்று வடிகட்டி முதலிய துணைக்கருவிகள் இல்லாத எஞ்சினை மேடையில் அளந்து வந்த பழைய முறையை 1972 வாக்கில் கைவிட்டபோது, ஒரே எஞ்சினின் அறிவிப்பு எண்கள் ஓராண்டில் பெரிதும் இறங்கின. அதைக் கண்டு எஞ்சினே மெலிந்துவிட்டதாக நம்பியவர் பலர்.

உருளையே ஏமாற்றப்பட்டதும் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட காரைச் செய்யும் வோல்க்ஸ்வேகன் நிறுவனத்தாரே 2015இல் அதில் பிடிபட்டனர். அவர்களுடைய டீசல் கார்களின் கணினி, தான் சோதனை உருளையின்மேல் இருப்பதை உணர்ந்து அங்கே மட்டும் தூய புகையை விட்டது, சாலையில் விடவில்லை. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் காரைச் சாலையில் ஓட்டி அளந்ததால் உண்மை வெளிப்பட்டது. அது டீசல் புகையைப் பற்றியது. பெட்ரோலில் ஓடும் ஜி.டி.ஐ.யின் திறனைப் பற்றியதன்று. ஆயினும் அளக்கப்படும் பொருளே அளப்பவனைக் கவனிக்கும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அது சான்று. 2024 சனவரியில் டோயோட்டா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் வெளியிட்ட செய்தி நமக்கு இன்னும் அருகில் வருகின்றது. ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளுக்கான டீசல் எஞ்சின்களின் குதிரைத்திறனைச் சான்றுக்காக அளந்தபோது, விற்பனைக்கு வரும் கணினி நிரலை விடுத்து வேறு நிரலை இட்டு, அளவுகள் ஏற்ற இறக்கமின்றிச் சீராகத் தோன்றச் செய்ததாக அது ஒப்புக்கொண்டது. நிறுவனத்து மேடையிலும் எண்ணைப் பிறப்பிப்போர் மனிதரே.

ஒப்பிடும் முறை

இரு தலைமுறைகளை ஒப்பிட விரும்புவோர் ஒரே உருளையில், ஒரே நாளில், ஒரே பெட்ரோலில், ஒரே விசிறியின் முன், அடுத்தடுத்து ஓட்ட வேண்டும். தாளில் திருத்தம் சேராத சக்கர அளவும், அன்றைய வெப்பமும் அழுத்தமும் ஈரமும், திருத்தக் கணக்கின் பெயரும், குதிரை மெட்ரிக்கா ஆங்கிலமா என்பதும் இருக்கக் கேட்டு வாங்குக. மூன்று ஓட்டங்களையும் அச்சிடச் சொல்லுக. எஞ்சின் கணினியைத் திருத்தச் செல்வோர், திருத்துவதற்கு முன் எடுத்த தாளையும் பின் எடுத்த தாளையும் ஒரே கருவியில் பெற்று, சக்கர அளவின் வேறுபாட்டை மட்டும் நோக்குக. 'எஞ்சின் திறன்' என்று வகுத்துப் போட்ட எண்ணைப் புறக்கணித்துவிடலாம். இரண்டு தாள்களையும் தர மறுக்கும் பட்டறைக்குப் பணம் தரவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

இப்படி அளந்தால் மாணவரின் கேள்விக்கு விடை கிடைக்கும். நிறுவன மேடையில் அளந்த 200ஐ நிறுவன மேடையில் அளந்த 245ஓடு மட்டுமே ஒப்பிடலாம். 172ஐயும் 208ஐயும் அதில் கலக்க இயலாது. அந்த 172க்கு இணை வேண்டுமாயின் எட்டாம் தலைமுறைக் கார் ஒன்று அதே பட்டறையின் அதே உருளையில் ஏற வேண்டும். உச்சத்தில் 45 குதிரையும், 2,500 சுற்றில் 32 குதிரையும் கூடுதல் என்பது அறிவிப்பின்படி எதிர்பார்க்கத்தக்கது. அதைவிட மிகக் கூடியோ குறைந்தோ வந்தால், முதலில் ஐயுற வேண்டியது தாளை, எஞ்சினை அன்று.

நம் அரசாங்கத்தின் சாலை வரிக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. பெட்ரோல் கார்களுக்கு அது எஞ்சின் கொள்ளளவை மட்டுமே பார்க்கின்றது. 1,984 கன சென்டிமீட்டருக்கு மேற்கு மலேசியாவில் தனியார் காருக்கு ஆண்டொன்றுக்கு 372 வெள்ளி. ஐந்தாம் தலைமுறைக்கும் அதுதான். 45 குதிரை கூடிய எட்டாம் தலைமுறைக்கும் அதுதான்.